காற்றுத் தீவின் திராட்சையும் உன் முழங்காலும்

மாப்ளே,

இன்று காலை தோட்டத்துக்குப் போனேன். இரண்டு நாள் சாரலில் பந்தலிலிருந்து கொத்துக் கொத்தாகப் பழம் உதிர்ந்து கிடந்தது. வெயில் கொஞ்சம் ஏறியதும் தரையிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பியது. அந்த வாடைக்கு எல்லாரும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நடப்பார்கள். நீ மட்டும் நின்று நெஞ்சு நிறைய இழுப்பாய். "கெட்டுப்போற வாடையில்ல மாப்ள, வேற ஒண்ணா மாறுற வாடை" என்பாய். அதுதான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் திராட்சையைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். இது உனக்கே தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை. அதன் மதில் சுவரை ஒட்டித்தான் என் தோட்டம், வாத்தியார்கள் நடத்துகிற பாடம் எல்லாம் இன்றைக்கும் என் காதில் விழுகிறது. அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு வாரமாக மண்டைக்குள் ஒன்றும் நேராக நிற்க மாட்டேன் என்கிறது. காரணம் உன் மகள்.

ஸ்டெல்லா போன ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்திலிருந்து வந்தாள். தோட்டக்கலை படித்துவிட்டு அங்கேயே நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள் அல்லவா, கையெல்லாம் உன்னை மாதிரியே மண். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வரும் ஞாயிறு உனக்கு நினைவுப் பூசை. பூசை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், மாதா கோயில் வாசலில் உன்னைப் பற்றி நான் பேச வேண்டுமாம். மைக் செட் உண்டு. மைக் செட்டைக் கண்டு பின்வாங்குகிற ஆளா நான்? "அரை மணி நேரம் போதுமாத்தா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க மாமா. ஆனா அப்பா சொன்னதை மட்டும் சொல்லுங்க. நீங்க சேத்தது வேண்டாம்."

"நான் என்னத்தா சேத்தேன்?"

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுவாயே அவள்தான், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "உங்க மாமா வாயத் தொறந்தா அந்த இத்தாலி குமுளிக்கு இங்கிட்டு வந்துருமேத்தா!"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, அந்த இத்தாலித் தீவுல தோட்ட வேலை பாத்துட்டு வந்த பெறகு அப்பா கோயில்ல ஒரு நா கூட முழங்கால் போட்டதில்ல. எல்லாரும் முழங்கால்ல நிக்கையில இவுக மட்டும் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பாக. வெளிநாட்டுக்குப் போயி சாமிய மறந்துட்டாருன்னு ஊரே பேசுச்சு. அம்மா எத்தனையோ தடவ கேட்டாக. பதிலே சொல்லல. அங்கன என்ன நடந்துச்சு? நாங்க இங்கன நல்லா இருக்கணும்னு போனாகளே, அங்கன அவுக நல்லா இருந்தாகளா? எனக்கு அது தெரியணும் மாமா."

அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. நீ இத்தாலிக்குப் போகும்போது அவள் கைப்பிள்ளை, திரும்பி வரும்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பெண். நடுவில் நீ எப்படி இருந்தாய் என்று கேட்க உலகத்திலேயே அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. உன் கதை முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவனும் நான்தான்.

"ராசா மாதிரி இருந்தான்த்தா" என்று ஆரம்பித்தேன். "தோட்டத்துக்குப் போக வர உங்கப்பனுக்குன்னு முதலாளி ஒரு வெள்ளக் குதிரையே குடுத்திருந்தாரு. உங்கப்பன் என் கையப் பிடிச்சுச் சொன்னான்."

"அங்கன குதிரை கிடையாது மாமா. கழுதைதான். அந்தத் தீவுக் கழுதை பேர் போன சாதி."

"சரி, குதிரைய விடு. ஒத்த எலுமிச்ச மரத்துக்கு வட்டமா ஒரு கோட்டை கட்டுன கதையையும் விட்டுரு. அது நான் சும்மா சுவைக்காகச் சேத்தது" என்று பெருந்தன்மையாக ஒதுக்கி வைத்தேன்.

அவள் போனைத் தேய்த்து என் முன்னால் நீட்டினாள். கருங்கல்லை அடுக்கி வட்டமாக ஒரு சுவர், ஆள் உயரத்துக்கு மேலே. நுழைய ஒரு சின்ன வாசல். உள்ளே ஒரே ஒரு மரம். "அதுதான் மாமா நெசம். காத்துக்குப் பயந்து ஒத்த மரத்துக்கு ஒரு சுவரு கட்டுவாகளாம்."

மாப்ளே, எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கால் நழுவின மாதிரி இருந்தது. நான் கட்டினேன் என்று நினைத்த கோட்டையை நீ கட்டியிருக்கிறாய். நீ ஏறினாய் என்று சத்தியம் பண்ணிய குதிரையை நான் எங்கிருந்தோ ஓட்டி வந்திருக்கிறேன். அப்படியென்றால் மிச்சத்தில் எது உன்னுடையது, எது என்னுடையது?

அன்றிலிருந்து இதையேதான் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். எடை போடுகிற கொட்டகையில், கேரளா லாரி வருகிற வரைக்கும் பழக் கிரேடுப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்போமே, அங்கேதான் நீ ஒன்றிரண்டு சொல்லுவாய். நீ பேசுகிற ஆள் இல்லை. ஒரு குச்சியை ஊன்றுவாய், அவ்வளவுதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே ஏற்றிப் பழம் பறிப்பது என் வேலை. சும்மா சொன்னால் யார் கேட்கிறார்கள்? நான் சொன்னதால்தான் நம் ஊர் டீக்கடையில் சிசிலி என்றால் இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தாலி தேசம் ஒரு கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அது உதைக்கிற கல் மாதிரி சிசிலி, அதற்கும் தெற்கே, ஆப்பிரிக்காவை எட்டித் தொடுகிற தூரத்தில் நீ இருந்த பாந்தலேரியா. எரிமலை கக்கிய கருங்கல் தீவு. காற்று நிற்கவே நிற்காது. இதெல்லாம் நீ சொன்னதுதான், இதில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்சம்தான் சந்தேகம்.

சரித்திரம் வரும்போதுதான் சிக்கல். கிரேக்கர்கள் வந்து திராட்சை நட்டார்கள், அப்புறம் யார் யாரோ ஆண்டார்கள், அரபிக்காரர்கள் வந்தார்கள் என்றாய். நான் அப்போதே மடக்கினேன். "அவுகதான் வைன் குடிக்க மாட்டாகளே மாப்ள, பின்ன ஏன் கொடிய வெட்டிப் போடாம விட்டாக?"

"உலத்தித் தின்னாக. அந்தத் திராட்சைக்குப் பேரே சிபிப்போ. அரபுல உலந்த திராட்சைன்னு அர்த்தமாம்."

குடிக்காத ஆட்கள் தின்பதற்காகக் காப்பாற்றி வைத்த கொடியில்தான், பின்னால் வந்தவர்கள் உலகம் மெச்சுகிற வைன் போட்டார்கள். இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மயக்கமாக இருக்கும். அந்த மயக்கத்தில்தான் ஒரு சுல்தானையும் அவர் மனைவிமார் மடியில் கட்டிப்போன உலர் திராட்சையையும் உள்ளே விட்டிருக்க வேண்டும். சுல்தான் என்னுடையவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சிசிலியில் மார்சாலா என்கிற துறைமுகத்தில் ஒரு இங்கிலீஷ் வியாபாரி இறங்கி, கப்பலில் கெட்டுப் போகாமல் இருக்க வைனோடு சாராயத்தைக் கலந்தான் என்று சொல்வேனே, அதை நீ சொன்னாயா, சலூனில் கிடந்த பேப்பரில் படித்தேனா? அந்த வியாபாரியின் மீசை வரைக்கும் எனக்குத் தெரிகிறது. பேப்பரில் மீசை வந்திருக்காது. நீ மீசையைப் பற்றிப் பேசியிருக்க மாட்டாய்.

நம் பன்னீர் திராட்சை விஷயமும் அப்படித்தான். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். நீ ஒரு நாள் ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "இதைப் பெத்த கொடி அங்கன இருக்கு மாப்ள. கண்ண மூடித் தின்னா அதே வாசம்" என்றாய். நான் விடுவேனா? "பெத்தது நம்மதுதான். நாமதான் அங்க அனுப்பிச்சோம்" என்றேன்.

"ஆமா, நீதான் குமுளி வழியா லாரி ஏத்தி விட்ட" என்றாய்.

ஸ்டெல்லாவிடம் இதைக் கேட்டேன். பன்னீரைப் பெற்ற இரண்டில் ஒன்று அந்தச் சிபிப்போதான் என்றாள். உனக்கு இது படித்தா தெரிந்தது? நாக்கு சொன்னதா? கேட்காமல் விட்டேன். நான் லாரி ஏற்றுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

இப்படித் தேடிக்கொண்டே போனால் நாம் வைன் போட்ட கதையில் போய் முட்டுகிறது. நீ ஊர் திரும்பி இரண்டாவது கிறிஸ்துமஸ். கேரளாக்காரர்கள் மாதிரி சர்க்கரை கொட்டி ஜாடியில் மூடி வைக்கிற வேலை வேண்டாம், தீவு முறையில் போடுவோம் என்றாய். பாதிப் பழத்தை வெயிலில் சுருங்கச் சுருங்க உலர்த்த வேண்டும். மீதியைப் பிழிந்து, அது நுரைத்துப் பொங்கும்போது உலர்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போட வேண்டும். அந்த வெயிலெல்லாம் வைனுக்குள் இறங்கிவிடும் என்றாய். உன் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் பழத்தைப் பரப்பி, ஒவ்வொரு கொத்தாக நீ புரட்டிப் போட்டதை இப்போதும் பார்க்கிறேன். அவ்வளவு பொறுமையாக உன் மகள் தலையைக்கூட யாரும் சீவியிருக்க மாட்டார்கள்.

நம் ஊர் கார்த்திகைக்கு அந்தத் தீவின் வெயிலைப் பற்றி என்ன தெரியும்? அடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் பழம் பூசணம் பூக்க ஆரம்பித்தது. நீ மாடிப்படியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரி மாப்ள. மழைக்கெல்லாம் அசர்ற ஆளா நாம? போடிமெட்டுல நம்ம பயகிட்ட ஏலக்கா ஸ்டோர் இருக்கு. பச்சக் காயவே ஒரே நாள்ல உலத்திப்புடுவான். இதென்ன சுண்டைக்கா!"

ஏலக்காய் உலர்த்துகிற அந்தச் சூட்டு அறையில், காய் பரப்புகிற அதே தட்டுகளில் உன் திராட்சையைப் பரப்பினோம். இதைத் தேனி மாவட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பழம் அழகாகச் சுருங்கி வந்தது. மலை இறங்கும்போது ஜீப்பில் நீ ஒரு கொத்தை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது திராட்சை வாடையா மாப்ள?" என்றாய்.

"ஜாடிக்குள்ள போனா எல்லாம் சரியாகிரும்" என்றேன்.

சரியாகவில்லை. கிறிஸ்துமஸ் மத்தியானம் உன் வீட்டில் வைத்து ஜாடியைத் திறந்தோம். தெருவே கமகமத்தது. முதல் வாய் என் வீட்டுக்காரிதான் வைத்தாள். "என்னண்ணே, வைன்னு சொல்லிட்டு பாயசத்த ஊத்துறீக?" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ டம்ளரை வாங்கிக் குடித்தாய். கண்ணை மூடினாய். கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது.

இதைத்தான் மாப்ளே, ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். "ஒரு வாய் குடிச்சான், அந்தத் தீவு ஞாபகம் வந்துருச்சு, பொலபொலன்னு அழுதுட்டான், அவ்வளவு சந்தோசமா இருந்திருக்கான் அங்கன" என்று. சொல்லிச் சொல்லி உன் கண்ணீர் டம்ளருக்குள் விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. ஸ்டெல்லா கேட்ட பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். அழுதாயா? எல்லாரும் சிரித்தார்களே, அதில் நீயும் சிரித்தாயா? ஏலக்காய் தொண்டையில் காறியதா? "அங்கன..." என்று ஏதோ ஆரம்பித்தாய், அது மட்டும் காதில் இருக்கிறது. அதற்கு மேல் நீ என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. நான் அடுத்த டம்ளரை ஊற்றிக்கொண்டு, சிசிலி ருசியே இப்படித்தான் என்று உன் மச்சினனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆக, குதிரையும் போயிற்று, கண்ணீரும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் முன்வரிசையில் உட்காருவாள். அவளுக்கு நான் எதைக் கொடுப்பது?

நேற்று பந்தலுக்கு அடியில் நிற்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. உன் தோட்டத்தில் கவாத்து நாள். நான் வழக்கம்போல் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, கம்பிக்கு மேலே போன கொடியை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ கிரேடைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வேர்ப்பக்கம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். வெட்டின கொடி உன் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. ஊரில் பேசிக்கொண்டதை வைத்து நானும் கேட்டேன்.

"ஏன் மாப்ள, கோயில்ல முழங்கால் போட மாட்டேங்குறயாம்? ஒரு மாதிரி பேசுறாக."

கீழேயிருந்து உன் குரல் வந்தது. "அங்கன கொடி எல்லாம் குழிக்குள்ள இருக்கும் மாப்ள. காத்துக்குப் பயந்து முழங்கால் உயரத்துக்கு மேல விட மாட்டாக. வெட்டுறது, களை எடுக்கிறது, பறிக்கிறது எல்லாமே முழங்கால்லதான். இந்தப் பிறவிக்குப் போட வேண்டிய முழங்கால எல்லாம் அங்கனயே போட்டுட்டேன். ஆண்டவருக்கு அது பத்தாதா?"

அவ்வளவுதான் சொன்னாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறைத்து வைக்கவில்லை, மாப்ளே. டீக்கடையில் ஒரு தடவை ஆரம்பிக்கப் பார்த்தேன். எங்கே சுல்தானை விடுவது, எங்கே குதிரையைக் கட்டுவது என்று பார்த்தால் அதில் இடமே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். அதனால்தான் உன் கதைகளிலேயே இது ஒன்று என் கை படாமல், நீ கொடுத்த மாதிரியே இருக்கிறது.

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும் நான். குழப்பம்தான் கூடிப் போயிற்று. முட்டி தேய்ந்து வலி தாங்காமல்தான் உட்கார்ந்திருந்தாயா? பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு அத்தனை வருஷம் மண்ணில் முட்டி போட வைத்தாரே என்று ஆண்டவர் மேல் வருத்தமா? இல்லை, அந்தக் கொடிக்கு முன்னால் போட்டதும் செபம்தான் என்று நிறைவாகச் சொன்னாயா? வெறும் கேலியா? உன் முகத்தைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் எங்கே பார்த்தேன்? இந்த ஊரில் திராட்சை வேலை என்றால் மேலே பார்க்கிற வேலை. நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கீழே இருந்தாய்.

அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் இன்று காலை அந்தப் புளித்த பழத்துக்கு நடுவில் நானே முட்டி போட்டுப் பார்த்தேன். கோயிலுக்குப் போகாத ஆள், எனக்குப் பழக்கமில்லை. ஈரம் வேட்டிக்குள் ஏறியது. சின்னக் கல் ஒன்று எலும்பில் குத்தியது. முழங்கால் உயரத்தில் ஒரு கொடி இருப்பதாக நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன். காற்று, கடல், கழுதை என்று ஒவ்வொன்றாக வரவழைத்தேன். இதெல்லாம் எனக்குச் சாதாரணமாக வந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. முட்டி வலிதான் வந்தது. அந்த வலியிலும், தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் பந்தலும் இலைக்கு நடுவே துண்டு துண்டாக வெளிச்சமுமாக, பார்க்க என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து குழப்பியது. எழுந்திருக்க முடியாமல் கல்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள் உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி.

"காலங்காத்தால கீழ என்னத்தத் தேடுறீக?"

"ஒங்கண்ணனத்தான்" என்றேன். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

முடிவு பண்ணிவிட்டேன் மாப்ளே. ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்ததும் அந்தக் கவாத்து நாளைச் சொல்வேன். நீ சொன்னதை அப்படியே சொல்லி, "ஆண்டவருக்கு அது பத்தாதா?" என்று கேட்டு நிறுத்திவிடுவேன். உன்னைப் பேசிய ஊர் அதற்குப் பதில் சொல்லட்டும். நீ அங்கே நன்றாக இருந்தாயா என்று உன் மகள் மறுபடி கேட்டால், நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன் தாயி, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். தெரியவில்லை என்று என் வாயால் ஊருக்கு முன்னால் சொல்வது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளுக்காக அதையும் செய்வேன்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அந்த வாக்கியத்தை நான் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டுமா, சிரிக்காமல் சொல்ல வேண்டுமா, மாப்ளே?